இரண்டு அண்டாக் கஷாயம்

கசப்பத்தை என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது, இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்த புதிதில். கூடத்தில் சின்னதுகள் நாலைந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தன. அதில் ஒன்று திடீரென்று முகத்தைக் கோணிக்கொண்டு, வாயில் இருந்ததைத் தூவென்று துப்பியது. என் மாமியார் அடுப்பிலிருந்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "யாரு, கசப்பத்தை எடுத்துக் குடுத்தாளா?" என்றார். வாசற்படி ஓரத்தில் ஒல்லியாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் தன் விரல்களை உடுத்தியிருந்த துணியில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, தப்புச் செய்தவள்போலச் சிரித்தாள்.

முறை என்ன என்று சொல்லிவிடுகிறேன். அவள் என் கணவரின் சித்தப்பா மகள். ஆக, எனக்கு நாத்தனார். அவளுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணன், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். அந்த அண்ணனுக்கு வாய்த்தவளோ என் மாமியாரின் ஒன்றுவிட்ட தம்பி மகள். அதனால் அந்த வீட்டில் யார் யாரைத் திட்டினாலும் சேதி எங்கள் வீட்டுக்கு இரண்டு வழியாக வந்து சேரும். நடுவில் கொஞ்சம் மாறியிருந்தால் சரிபார்த்துக்கொள்ளவும் வசதி.

ஊருக்கு வெளியே பச்சிலை ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. சர்க்கரை, மூட்டுவலி, இழுப்பு என்று ஆளை விடாமல் பிடித்துக்கொள்ளும் வியாதிகளுக்கு அந்தக் காலத்திலிருந்து சனங்கள் எந்தச் செடியைக் குடித்தார்களோ, அதையெல்லாம் கொண்டுவந்து காயவைத்து, அரைத்து, காய்ச்சி, அதில் உண்மையில் சரக்கு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று பார்க்கிற இடம். கசப்பத்தைக்கு அங்கே அரவைக் கொட்டகையில் வேலை. அவள் அரைத்தது பெரும்பாலும் ஒரு கொடியின் வேர். அதற்குப் பெரிய பெயர் ஒன்று பலகையில் எழுதியிருந்தது. கொட்டகையில் எல்லாரும் கசப்புக்கொடி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தூள் காற்றில் ஏறி இமையில் உட்காரும், காதுக்குள் போகும், தலைமுடியில் படியும். நகக்கண்ணில் புகுந்ததை எந்தச் சோப்பாலும் எடுக்க முடியாது. அவள் தொட்ட கரண்டியால் கலக்கிய டீ கசந்தது. அவள் உரித்துக் கொடுத்த வாழைப்பழம் கசந்தது.

கல்யாணம் ஆகாதவள் இல்லை. ஆகி ஒரு வருஷத்துக்குள் அவன் வெளியூர் வேலை என்று கிளம்பினான். அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான் என்று பிறகு தெரியவந்தது. "உன் கையால சாப்பிட்டா எவன்தான் இருப்பான்?" என்று யாரோ ஒரு கிழவி விளையாட்டாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் யாருக்கும் பரிமாறியதை நான் பார்க்கவில்லை.

அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை. தனித் தட்டு, தனி டம்ளர். அண்ணி அதை வஞ்சகமாக வைக்கவில்லை. குழந்தைகள் சாப்பிட அடம்பிடித்ததால் வைத்தாள். அண்ணன் மட்டும் அதையெல்லாம் சட்டை செய்யமாட்டார். "எனக்கு நாக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானே. பெயின்ட் வாடையில அது எப்பவோ செத்துப்போச்சு. குடு இப்படி" என்று அவள் கையிலிருந்தே வாங்கி வாயில் போட்டுக்கொள்வார். அந்த வீட்டில் அவள் கையால் வாங்கித் தின்ற ஒரே ஆள் அவர்தான்.

பல வருஷம் கழித்து அந்த வேரை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. ஆராய்ச்சியை நடத்தியது ஒரு டாக்டரம்மா. மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். கசப்பத்தையைக் கூப்பிட்டு, இனி உனக்கு அரவை வேண்டாம், காய்ச்சும் அறைக்கு வா என்றார். அங்கே இரண்டு பெரிய அண்டாக்கள். ஒன்றில் வேர்க் கஷாயம். இன்னொன்றில் வேரே இல்லாத கஷாயம்: வறுத்த தானியத்தின் நிறமும், தீங்கில்லாத வேறொரு கசப்பும் சேர்ந்த வெறும் தண்ணீர்.

"சர்க்கரை உள்ளவங்க பாதிப் பேருக்கு நிஜம், மீதிப் பேருக்கு இது. யாருக்கு எதுன்னு அவங்களுக்கும் தெரியாது, சீசாவைக் குடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, ரத்தம் பார்க்கிற எனக்கும் தெரியாது" என்றார் டாக்டரம்மா.

"அப்போ யாருக்குத்தாம்மா தெரியும்?"

"நம்பர் போடறவர் ஒருத்தர் இருக்கார். அவர் இந்தப் பக்கமே வரமாட்டார். எந்த அண்டா எதுன்னு உனக்குத் தெரியும். எந்தச் சீசா யார் வீட்டுக்குப் போகுதுன்னு தெரியாது."

"நோயாளிகளை எதுக்கும்மா ஏமாத்தணும்?"

"ஏமாத்தலை. சொல்லிட்டுத்தான் சேர்க்கிறோம். மருந்து குடிக்கிறோம்ங்கற நினைப்பே ஆளைக் கொஞ்சம் எழுப்பி உட்கார வெச்சிடும். அந்தக் கொஞ்சத்தைக் கழிச்சாத்தான் உன் வேர் என்ன செய்யுதுன்னு பார்க்க முடியும்."

உன் வேர் என்று சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

மெய், பொய் என்று அண்டாக்களுக்கு அவளே பெயர் வைத்தாள். இரண்டும் ஒரே மாதிரி கசக்க வேண்டும். காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்து இதில் ஒரு சொட்டு, அதில் ஒரு சொட்டு, நாக்கில் விட்டுப் பார்த்துச் சரிசெய்வாள். ஆபீஸில் சில பேரைக் கூப்பிட்டுக் குடிக்கவைத்தார்கள். எல்லாரும் முகத்தை அஷ்டகோணலாக்கினார்களே தவிர, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காய்ச்சுகிறவளை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு மட்டும் ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தது. மெய்யை விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்து அடிநாக்கில் ஒரு குளிர்ச்சி எழும்பும், ஈரத்துணியை வைத்த மாதிரி. பொய்யில் அது வராது. வருஷக்கணக்காக அந்தத் தூளைச் சுவாசித்த நாக்கு. அதைப் போய் எல்லாருடைய நாக்கோடும் சேர்த்துப் பேசுவானேன் என்று விட்டுவிட்டாள்.

ரகசியத்தை வைத்துக்கொண்டிருக்கிறவள் என்பதால் அவளுக்குக் கட்டுப்பாடு அதிகம். காய்ச்சும் அறைக்குத் தனி வழி. நிரப்பிய சீசாக்களைச் சுவரில் ஒரு சின்னக் கதவு வழியாக அந்தப் பக்கம் தள்ளிவிட வேண்டும். ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கையில் ஒரு நாள் புது வளையல் இருந்தது. இன்னொரு நாள் கட்டுப் போட்டிருந்தது. என்ன ஆச்சு என்று கேட்கக் கூடாது. நர்ஸுகளோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. நோயாளிகள் வரும் நாளில் முன்பக்கம் தலைகாட்டக் கூடாது. எந்த அண்டாவைக் கிளறும்போது சிரித்தாள் என்று எவராவது கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று பயந்தார்களோ என்னவோ, சன்னலுக்குக்கூட வெள்ளைப் பூச்சு அடித்துவிட்டார்கள். பின்படியில் உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறப்பாள். பேச்சுத்துணைக்கு அண்டாக்கள். "உனக்கென்னடா, பேரு வாங்கப்போறவன்" என்று மெய்யிடம் சொல்வாள். "நீதான் பாவம், உழைச்சு உழைச்சு ஒண்ணுமில்லாமப் போகப்போறே" என்று பொய்யிடம் சொல்வாள்.

யாருக்கு எது என்று ஊகித்தாலும் சொல்லக் கூடாது, ஆராய்ச்சி முடிந்து, எந்தச் சீசா எண் எந்த அண்டா என்ற பட்டியலைத் திறக்கும்வரை பெற்றவள் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று டாக்டரம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள். வாய்க்குப் பூட்டுப் போடுவது அவளுக்குக் கஷ்டமாக இல்லை. திறக்கச் சொல்லி யாரும் தட்டவும் இல்லை.

தட்டியது அண்ணன். அவருக்குச் சர்க்கரை வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. "வீட்ல ஒருத்தி கசப்பு, ஒருத்தர் சர்க்கரை, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறவ நான்" என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அண்ணன் மாத்திரை போடுவார், போடும்போதெல்லாம் அதைத் திட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்து தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டார். "ஊருக்கெல்லாம் காய்ச்சி ஊத்தறே. எனக்கு ஒரு சீசா கொண்டாயேன்."

"கூடாது அண்ணே."

"யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்."

"சரி, பேர் குடுத்துச் சேந்துக்கறேன்."

"அங்க வேலை செய்யறவங்க வீட்டு ஆளுங்களைச் சேர்க்கமாட்டாங்க. அதான் சட்டம்."

"அப்போ உன்னை மாதிரி ஒருத்தி கூடப்பிறந்ததுக்கு எனக்கு என்னதான் லாபம்?" என்று சிரித்தார். அவளும் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தாள்.

முடியவில்லை. காதும் காதும் வைத்தாற்போல அவர் போய்ச் சேர்ந்துகொண்டார். உறவுக்காரர் யாராவது இங்கே வேலை செய்கிறார்களா என்று கேட்டதற்கு, எனக்கு யாருமே இல்லை என்று கையை விரித்திருக்கிறார். அண்ணிக்கு மட்டும் தெரியும். தங்கையிடம் மூச்சு விடாதே என்று கட்டளை.

கசப்பத்தைக்கு முதலில் தெரிந்தது அவருடைய உற்சாகம்தான். சாரம் கட்டி உயரத்தில் அடிக்கிற வேலையெல்லாம் வயசுப் பையன்களுக்கு விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர், திடீரென்று ஏணியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சீழ்க்கை அடித்தார். அண்ணியிடம் வம்பிழுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் கை கழுவும் தொட்டிக்குக் கீழே, டர்பன்டைன் டப்பாவுக்குப் பின்னால், பழுப்புச் சீசா ஒன்று அவள் கண்ணில் பட்டது. தன் கையால் ஆயிரக்கணக்கில் நிரப்பிய சீசா. அவளுக்கு அடையாளம் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். கசந்தது. அடிநாக்கில் அந்தக் குளிர்ச்சிக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு சொட்டு. அதிலும் வரவில்லை.

"மோப்பம் பிடிச்சிட்டியா?" அண்ணன் பின்னால் வந்து நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "திட்டாதே. நீயா தரலை, நானா எடுத்துக்கிட்டேன். ஆளைப் பாரு, எப்படி இருக்கேன்?"

"நல்லா இருக்கே." அவள் சீசாவின் மூடியைத் திருகினாள். "மாத்திரை போடறியா?"

"எதுக்கு? இதுதான் வேலை செய்யுதே."

"மாத்திரையை விடக் கூடாதுன்னு சேர்க்கும்போதே சொல்லியிருப்பாங்களே அண்ணே."

"சொன்னாங்க. போடறேன்னு நானும் சொல்லிட்டேன். அவங்களுக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்."

"அங்க ரத்தம் எடுத்துப் பாக்கலையா?"

"சேரும்போது எடுத்தாங்க. அடுத்ததுக்கு இன்னும் சில மாசம் இருக்கு. வரட்டும், அசந்துபோவாங்க பாரு."

"நாளையிலிருந்து மாத்திரையையும் சேத்துப் போடு. எனக்காக."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "காய்ச்சறவ நீ. நீயே உன் மருந்தை நம்பலைன்னா ஊர்ல எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டுச் சீழ்க்கையடித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கு மாடியறையில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது வெறும் தண்ணீர் என்று சொன்னால் சத்தியம் போச்சு, டாக்டரம்மாவின் முகத்தில் விழிக்க முடியாது, அண்ணன் பொய் சொல்லிச் சேர்ந்ததும் வெளியே வரும். சொல்லாவிட்டால், மாத்திரையும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் அவர் ஏணியில் ஏறிக்கொண்டிருப்பார். அண்ணியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். "மாத்திரையைப் போடச் சொல்லுங்க அண்ணி." அண்ணி சிரித்தாள். "எத்தனையோ வருஷம் கழிச்சு அந்த மனுஷன் சிரிச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றார். அது உனக்குப் பொறுக்கலையா?"

யோசித்து யோசித்து, அந்த வேலையில் இருக்கிறவளுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு வழி அவளுக்குத் தோன்றியது. மெய் அண்டாவில் சீசாவெல்லாம் நிரப்பிய பிறகு அடியில் கொஞ்சம் மிஞ்சும். கழுவி ஊற்றுகிறதுதான். அதை டீ பிளாஸ்க்கில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அண்ணனுடைய சீசாவில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு இதை ஊற்றி வைத்தாள். அதே நிறம், அதே கசப்பு, அதே எண் ஒட்டிய சீசா. நாக்கில் விட்டுப் பார்த்தாள். குளிர்ச்சி எழும்பியது. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுச் சீசா வரும்போதும் அப்படியே செய்தாள். பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். கூட்டத்தில் யாராவது இடித்தால், பிள்ளையைச் சுமந்து வருகிறவள்போல உடம்பைத் திருப்பிக்கொள்வாள். வேலை முடிந்தால் எதற்காக வீட்டுக்குப் போகிறோம் என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தவள் அவள். இப்போது போவதற்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணன் தினமும் என் கையால் ஊற்றிய மருந்தைக் குடிக்கிறார், இனி அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நிம்மதியாகத் தூங்கினாள். மாத்திரையைப் பற்றிக் கேட்பதைக்கூட விட்டுவிட்டாள்.

பெயின்டர்களின் கால் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள். அடுக்கடுக்காகக் காய்ந்த பெயின்ட், சுண்ணாம்பு, அதன்மேல் தூசி. அண்ணனுக்குக் காலில் உணர்ச்சியும் குறைந்திருந்தது. ஏணிப் படியின் ஆணியோ எதுவோ குத்தியிருக்கிறது. அவருக்கும் தெரியவில்லை, பார்த்தவர்களுக்கும் புண் எது பெயின்ட் எது என்று தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அண்ணி அவரைப் பிடித்து உட்காரவைத்து, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தாள். பச்சைப் பெயின்ட் போனது, வெள்ளை போனது. சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை எங்கேயோ ஏறி நின்றது. சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்றார் அறுத்தவர்.

கசப்பத்தை நேராக டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"இந்த வேர் மட்டும் போதும், மாத்திரை வேண்டாம்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

"இல்லைம்மா."

"வேற யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

"இது வேலை செய்யுதான்னே நமக்கு இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே இத்தனை பாடு? உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"இத்தனை வருஷமா அதையே கிளறிக்கிட்டு இருக்கேன் இல்லையாம்மா... அதுவா தோணிடுச்சு."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. "அனுப்பினா உன்கூட உன் வாயும் வெளியே போயிடும்" என்றார். அது கேலியா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. காய்ச்சும் அறை இனி இல்லை. இலை உலர்த்தும் கொட்டகை. அண்ணனை ஆராய்ச்சியிலிருந்து நீக்குவார்கள். தங்கை இங்கே வேலை செய்கிறாள் என்ற காரணம் மட்டும் சொல்லப்படும். அவர் குடித்தது எது என்பது எண் திறக்கும்வரை வெளியே போகக் கூடாது. ஒருவருடைய சீசா பொய் என்று தெரிந்தால், மற்றவர்கள் எல்லாரும் தங்கள் சீசாவைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். "இதையாவது காப்பாத்துவியா?" என்றார். தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அண்ணனுக்குத் தன்னை நீக்கிய சேதி தெரிந்ததும் வீடு இரண்டுபட்டது.

"நீயே போய்ச் சொன்னியா?"

"நான்தான் சொன்னேன்."

"எதுக்கு?"

அவள் பார்வை அவர் காலில் இருந்த கட்டில் நின்றது.

"விரலோட நின்னுதே, அது எதனாலன்னு நினைக்கிறே? அந்த மருந்தாலதான். இல்லேன்னா காலே போயிருக்கும். அதையும் என் வாயிலேருந்து பிடுங்கிட்டியே. நல்லா இரு!" அதோடு பேச்சு நின்றது. எதிரே வந்தால் சுவரைப் பார்த்து நடந்தார். அவள் கீழே சாப்பிட வந்தால் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். ஆனால் மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டார். அண்ணி பக்கத்தில் நின்று போடவைத்தாள். சில வாரம் பொறுத்த அண்ணி மாடிக்கு ஏறி வந்தாள். "தப்பா நினைக்காதே. நீ இருக்கிற வரைக்கும் அவருக்குச் சோறு இறங்காது போலிருக்கு" என்றாள். சொல்லும்போது அவளுக்கும் கண் கலங்கியது.

டயர் கடைக்கு மேலே ஓர் அறை கிடைத்தது. காற்றடிக்கிற மெஷின் ஓடினால் தரை அதிரும். உலர்த்தும் கொட்டகையில் அவளோடு பேசத் தடையில்லை. ஆனால் காய்ச்சும் அறையிலிருந்து இறக்கப்பட்டவள் என்று தெரிந்ததால், பேசுகிறவர்கள் ஏதோ ஒன்றைக் கேட்டுவிடத்தான் பேசினார்கள். அவளே விலகி உட்கார்ந்தாள். சாயங்காலம் போகும் வழியில் அண்ணன் தெரியும் இடங்களைத் தெரிந்துவைத்திருந்தாள். ஏணி வேலை அவருக்கு முடிந்துபோயிருந்தது. வாசலில் முக்காலி போட்டு, சன்னல் கதவுகளையும் இரும்புக் கேட்டுகளையும் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தபடியே அடித்துக்கொண்டிருப்பார். எதிர்ச்சாரியில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்போலப் பார்ப்பாள். அந்தத் தெருவில் பஸ்ஸே வராது.

எங்கள் வீட்டு விசேஷங்களுக்கு அவள் வந்தால் அவர் வரமாட்டார், அவர் வந்தால் அவள் வரமாட்டாள். என்னதான் நடந்தது என்று நானே அவளைக் குடைந்திருக்கிறேன். "ஒண்ணுமில்லை அண்ணி, என் மேலதான் தப்பு" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயராது.

ஒரு வழியாக ஆராய்ச்சி முடிந்து எண்களைத் திறந்தார்கள். பெரிய கூட்டம் போட்டு டாக்டரம்மா படித்தார். மாத்திரையோடு சேர்த்துக் குடித்தவர்களில் சிலருக்கு இந்த வேர் கொஞ்சம் கைகொடுக்கிறது, மாத்திரைக்குப் பதிலாக ஆகாது, எவ்வளவு காலத்துக்குக் கைகொடுக்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றார். இவ்வளவு பாடுபட்டது இந்தக் கொஞ்சத்துக்கா என்று கொட்டகைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கைதட்டச் சொன்னதும் தட்டினார்கள். வெளியே வரும்போது டாக்டரம்மா கசப்பத்தையை நிறுத்தினார்.

"இனிமே நீ சொல்லலாம். உங்க அண்ணனுக்கு."

இந்த ஒரு பேச்சுக்காக அவள் வருஷக்கணக்கில் காத்திருந்தாள். தெரிந்தால் கோபம் தீர்ந்துவிடும் என்று நம்பியிருந்தாள். பிடுங்கிவிட்டாய் என்றுதானே கோபம்? பிடுங்குவதற்கு அந்தச் சீசாவில் ஒன்றுமே இருந்ததில்லை என்று தெரிந்தால் சரியாகிவிடாதா?

விடுமுறை நாளில் காலையில் போனாள். அண்ணன் முக்காலியில் உட்கார்ந்து ஒரு சன்னல் கதவுக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டு மறுபடி கதவைப் பார்த்தார். அண்ணி வாசலுக்கு வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

"உக்காரச் சொல்லவேண்டாம். சொல்லிட்டுப் போயிடறேன்" என்றாள் கசப்பத்தை. "நீ குடிச்சது நிஜ மருந்து இல்லை அண்ணே. உனக்கு விழுந்தது பொய்ச் சீசா. வேரே போடாத தண்ணி."

தூரிகை சட்டத்தின் மூலைவரை போய் நின்றது.

"எது? நான் ஏணி ஏறினேனே, அப்போ குடிச்சதா?"

"ஆமா."

"சீழ்க்கை அடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே?"

"அதுவும்தான். சீசாவைப் பார்த்த அன்னைக்கே நக்கிப் பார்த்தேன். எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல முடியலை. சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேன். அதனால நிஜத்தைக் கொண்டாந்து உன் சீசாவுல நானே மாத்தி ஊத்தினேன்."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தூரிகையை டப்பாவின் விளிம்பில் வைத்தார்.

"அப்போ விரல் போனப்ப என் சீசாவுல இருந்தது?"

"நிஜம்."

அவர் சிரித்தார். அது சிரிப்பே இல்லை என்று அண்ணி பிற்பாடு என்னிடம் சொன்னாள். "நல்லாத்தான் இருக்கு. நல்லா இருந்ததெல்லாம் தண்ணியில. விரல் போனது உன் கை மருந்துல."

"மாத்திரையை விட்டதுல அண்ணே."

"அதைத்தான் நானும் சொல்றேன். இது வெறும் தண்ணின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்திரையைப் போட்டிருப்பேனா இல்லையா?"

"சத்தியம் அண்ணே..."

"சத்தியத்தை மீறித்தானே ஊத்தினே? ஊத்தறதுக்கு மீறத் தெரிஞ்சுது. சொல்றதுக்கு மீறத் தெரியலையா?"

வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்து வந்த பேச்சில் அந்தக் கேள்விக்கு இடமே வைத்திருக்கவில்லை. டாக்டரம்மாகூட அதைக் கேட்கவில்லை.

"இத்தனை நாளா உன்மேல ஒரு கோவம் வெச்சிருந்தேன். அது தப்புக் கோவம்" என்றார். குரல் உயரவில்லை. "சொன்னது நல்லதாப் போச்சு. இப்போ சரியானது எதுன்னு தெரிஞ்சுபோச்சு."

தூரிகையை எடுத்து நீலத்தில் தோய்த்தார். அவளைப் பார்க்காமல் அண்ணியிடம் சொன்னார்: "வெயில்ல வந்திருக்கு. டீ குடிச்சிட்டுப் போகட்டும்."

அடுக்களையில் நின்றபடியே டீயைக் குடித்தாள். அண்ணி பக்கத்தில் நின்றாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கசப்பத்தை பின்வாசல் வழியாகப் போனாள்.

அவள் இப்போதும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் உலர்த்தும் கொட்டகையில்தான் இருக்கிறாள். தட்டிகளில் பரப்பிய இலைகளைப் புரட்டிவிடுகிற வேலை. வருகிற வருஷம் ஓய்வு. டயர் கடைக்கு மேலே அதே அறையில் தனியாகக் குடியிருக்கிறாள். அண்ணன் வீடு அங்கிருந்து அடுத்த தெரு.